நீலக் குறியும் மூல ஓலையும்

1

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நாம் பக்திக் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை அதை ஒரு வழக்கின் கதையாகவும் வாசித்துப் பார்க்கலாம்.

மணப்பந்தலுக்குள் நுழைகிற முதிய அந்தணர், மணமகன் தமக்கு வழிவழியாக அடிமை என்கிறார். அதற்கு ஓலை ஒன்றையும் சான்றாகக் காட்டுகிறார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் முதியவரின் நரையைப் பார்த்து நம்பிவிடவில்லை. அவருடைய உரத்த குரலுக்கு அஞ்சவும் இல்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றையேனும் காட்டுமாறு கேட்கிறார்கள். நெடுநாள் வழக்கம், எழுத்துச் சான்று, பிறர் கண்ட சாட்சி என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். மூல ஓலை வந்த பிறகும் அவை அவசரப்படவில்லை. நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டிலும் உள்ள எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்கிறது.

ஓலையைக் கொண்டுவந்தவர் இறைவனே என்பது வாசகருக்குத் தெரியும். அவையோருக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் கொண்டுவந்த எழுத்தை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் அவர்கள் முன்னிருந்த வினா. சமூக வலைத்தளங்களைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் முன்னாலும் அதே வினாதான் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கு யாருடையது? இதை நம்பலாமா? தொடர்ந்து வாசிக்கத் தகுமா? இவ்வினாக்களுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த விடைகளில் மிகப் புகழ்பெற்றது ட்விட்டரின் நீலக் குறி. அது பிறந்து, பெருமை பெற்று, விலைபோன கதையை இங்கே சுருக்கமாகப் பார்க்க முயல்கிறோம்.

2

ட்விட்டர் 2006இல் தொடங்கப்பட்டபோது பெயர் என்பது முதலில் வந்தவருக்குரிய சொத்தாக இருந்தது. எவரும் எவர் பெயரிலும் கணக்குத் தொடங்கலாம். கூடைப்பந்து வீரர் ஷாக்கில் ஓ'நீல் 2008இல் அங்கே வந்தபோது, வேறொருவர் அவர் பெயரில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே உண்மையான ஆள் தம் கணக்கின் பெயரிலேயே 'உண்மையான' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லைப் போலியும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு வழக்கு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மேலாளர் டோனி லா ரூசாவின் பெயரில் யாரோ ஒருவர் கணக்குத் தொடங்கி, அவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானதையும் அணியின் இரு வீரர்கள் இறந்துபோனதையும் கேலி செய்து எழுதினார். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் லா ரூசா ட்விட்டர் மீது சான் பிரான்சிஸ்கோவில் வழக்குத் தொடுத்தார். இறந்த வீரர்களை அவர்களுடைய மேலாளரே எள்ளி நகையாடியதாக வாசகர் ஒருவர் நினைத்துவிட்டால் அந்தக் களங்கத்தை எப்படித் துடைப்பது? வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அந்த ஜூன் மாதத் தொடக்கத்திலேயே, பொது அதிகாரிகள், அரசு அமைப்புகள், கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் போன்றோரின் கணக்குகளைத் தாமே சரிபார்த்துக் குறியிடும் சோதனைத் திட்டத்தை ட்விட்டர் அறிவித்துவிட்டது.

அந்தக் குறி சொன்னது ஒரேயொரு செய்தியைத்தான்: இந்தக் கணக்கு இன்னாருடையது. அவர் நல்லவர் என்றோ, அவர் சொல்வது மெய் என்றோ அது சொல்லவில்லை. குறி இல்லாதவர்கள் போலிகள் என்றும் சொல்லவில்லை. அவையின் மொழியில் சொன்னால், மூன்று சான்றுகளில் அது ஆவணம் மட்டுமே.

3

ஆவணம் ஒன்றே போதாது என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சிரியா காட்டியது.

2011ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், டமாஸ்கஸில் வாழும் ஒருபால் விருப்பமுடைய இளம்பெண் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட அமீனா என்பவரின் எழுத்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது. இரவில் தன்னைக் கைது செய்ய வந்த உளவுப் படையினரைத் தன் தந்தை எதிர்கொண்டு திருப்பியனுப்பியதாக ஏப்ரலில் அவர் எழுதிய பதிவு பலரைக் கண்கலங்க வைத்தது. ஜூன் 6 அன்று, ஆயுதம் தாங்கிய சிலர் அமீனாவைக் கடத்திச் சென்றுவிட்டதாக அவருடைய உறவினர் பெயரில் ஒரு பதிவு வந்தது. விடுதலை கோரி ஆயிரக்கணக்கானோர் ஃபேஸ்புக்கில் திரண்டார்கள். அமெரிக்க அரசுத் துறையும் விசாரிக்கத் தொடங்கியது.

அப்போது நேஷனல் பப்ளிக் ரேடியோவைச் சேர்ந்த ஆண்டி கார்வின், அரபு எழுச்சிகளின் செய்திகளை ட்விட்டர் வழியாகத் திரட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐயம் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அவர் கேட்டது மிக எளிய கேள்வி: அமீனாவை நேரில் கண்டவர் யாரேனும் உண்டா? ஒருவரும் இல்லை. மிக நெருங்கிய தோழியாக அறியப்பட்டவரும் எழுத்து வழியாக மட்டுமே பழகியிருந்தார். குரலைக்கூடக் கேட்டதில்லை. அமீனாவின் முகம் என்று பரவிய படங்களோ லண்டனில் வசித்த வேறொரு பெண்ணுடையவை. ஜூன் 12 அன்று உண்மை வெளிவந்தது. அமீனா என்று எவரும் இல்லை. எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த நாற்பது வயது அமெரிக்க ஆண் ஒருவர்தான் அத்தனையையும் எழுதியிருந்தார்.

இதை ஒரு புனைகதைக் குறும்பு என்று கடந்துவிட இயலாது. சிரியாவில் உண்மையாகவே மறைந்து வாழ்ந்துகொண்டிருந்த ஒருபால் விருப்பினர் சிலர், இல்லாத அந்தப் பெண்ணைத் தேடித் தங்களை ஆபத்துக்கு உட்படுத்திக்கொண்டார்கள். அதே நாள்களில் உண்மையாகவே கைதானவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள்மீது விழுந்திருக்க வேண்டிய உலகத்தின் பார்வையை ஒரு கற்பனைப் பெயர் எடுத்துக்கொண்டது. அதன் பின் மெய்யான கதறலையும் உலகம் சற்றுச் சந்தேகத்தோடே கேட்கும்.

ஆனால் இதிலிருந்து 'புனைபெயர்க் கணக்குகளை நம்பாதே' என்ற முடிவுக்கு வருவோமானால் அடுத்த ஆண்டே இடறி விழுவோம். 2012 மார்ச்சில் 'பிரவுன் மோசஸ்' என்ற பெயரில் ஒருவர் சிரியப் போரைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவருக்கு அரபு மொழி தெரியாது. சிரியாவைப் பார்த்ததும் இல்லை. அமீனாவிடம் இருந்ததாகக் கருதப்பட்ட எந்தத் தகுதியும் அவரிடம் இல்லை. எலியட் ஹிக்கின்ஸ் என்ற அவர், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து வீட்டிலிருந்து, சிரியர்கள் யூடியூபில் ஏற்றிய காணொளிகளை நாள்தோறும் பார்த்து அவற்றில் தெரிந்த ஆயுதங்களை அடையாளம் கண்டார். கொத்துக் குண்டுகளைப் பற்றி எழுதினால் எந்தக் காணொளி, எந்த நொடி, எந்தப் பாகத்தின் வடிவம் என்று காட்டினார். 2013இன் தொடக்கத்தில் அவர் கவனித்துச் சொன்ன யூகோஸ்லாவியத் தயாரிப்பு ஆயுதங்களைப் பின்தொடர்ந்த நியூயார்க் டைம்ஸ், குரோஷியாவிலிருந்து கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதங்கள் போனதை வெளியிட்டது. 2014இல் அவர் தொடங்கிய பெல்லிங்கேட் இன்று உலகறிந்த புலனாய்வு அமைப்பு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அமீனாவின் பதிவுகளில் உணர்ச்சி நிரம்பியிருந்தது. சரிபார்க்க வழி இல்லை. வாசகர் அவரை நம்ப வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். பிரவுன் மோசஸை எவரும் நம்ப வேண்டிய தேவையே இல்லை. அவர் சுட்டிய காணொளியைத் திறந்து பார்த்தாலே போதும். 'யார் இவர்?' என்ற வினாவும் 'இவர் சொல்வதை நான் சோதித்துப் பார்க்க முடியுமா?' என்ற வினாவும் வேறு வேறானவை. நீலக் குறி முதல் வினாவுக்கு மட்டுமே விடை.

முதல் வினாவுக்கு விடை சொல்லாமல் இருப்பதே உயிர் காக்கும் வழியாகிற இடங்களும் உண்டு. ஐஎஸ் அமைப்பின் பிடியில் மோசூல் நகரம் இருந்தபோது 'மோசூல் ஐ' என்ற பெயரில் அந்நகரின் அன்றாடத்தை உலகுக்குச் சொல்லிவந்தவர், ஒமர் முகம்மது என்ற வரலாற்று ஆசிரியர் என்பது 2017 டிசம்பரில் அவரே வெளிப்படுத்திய பிறகுதான் தெரிந்தது. மெய்ப்பெயர் கட்டாயம் என்றிருந்தால் அந்தச் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்காது.

4

குறி பெற்ற கணக்கிலிருந்தே பொய் வந்தால்? அதற்கும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கு, வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுகள் வெடித்ததாகவும் ஒபாமா காயமடைந்ததாகவும் சொன்னது. குறி பெற்ற, ஐயத்துக்கிடமில்லாத, மெய்யான கணக்கு அது. அதன் கடவுச்சொல் களவு போயிருந்தது. சிரிய மின்னணுப் படை என்று தன்னை அழைத்துக்கொண்ட குழு அதற்குப் பொறுப்பேற்றது. சில நிமிடங்களில் டௌ ஜோன்ஸ் குறியீடு ஏறத்தாழ 140 புள்ளிகள் சரிந்து, செய்தி பொய் என்று தெரிந்ததும் மீண்டது. அந்நேரத்தில் பங்குகளைக் கணினிகள் தாமாகவே விற்றுத் தள்ளின. கணினிக்குக் கணக்கின் பெயர் தெரியும். எழுத்தின் நடை தெரியாது.

நடை தெரிந்த மனிதர்களோ உடனே கண்டுகொண்டார்கள். முக்கியச் செய்திகளைத் தொடங்கும் ஆங்கிலச் சொல்லை அந்நிறுவனம் முழுதும் பெரிய எழுத்தில் இடுவது வழக்கம். அந்தப் பதிவில் அப்படி இல்லை. 'அதிபர் ஒபாமா' என்று எழுதுவதே அவர்கள் மரபு. அங்கே வெறும் பெயர்தான் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவை காப்பிலிருந்து வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டதும் இதே முறைதான். ஒருவருடைய பழைய எழுத்தை அறிந்திருப்பவரே புதிய எழுத்தை ஐயுற முடியும்.

2020 ஜூலை 15 அன்று இன்னும் பெரிய களவு நடந்தது. ட்விட்டரின் உள்ளிருக்கும் கருவிகளையே கைப்பற்றிய சிலர், ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் முதலியோரின் கணக்குகளிலிருந்து, பிட்காயின் அனுப்பினால் இருமடங்காகத் திருப்பித் தருவதாக எழுதினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏமாந்து அனுப்பப்பட்டது. களவை நிறுத்த வழி தெரியாத நிறுவனம், குறி பெற்ற கணக்குகள் அனைத்தும் எழுதுவதையே சில மணி நேரம் முடக்கியது. இல்லினாய் மாநிலத்தின் லிங்கன் நகரிலுள்ள அரசு வானிலை அலுவலகமும் அந்நேரத்தில் சூறாவளி எச்சரிக்கையை ட்விட்டரில் வெளியிட முடியாமல் நின்றது. நம்பத்தகுந்தவை என்று குறியிடப்பட்டவை வாயடைத்துப் போக, குறியற்றவை மட்டுமே பேசிய விந்தையான மாலை அது.

5

இதற்கிடையே குறியின் பொருள் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. அடையாளச் சீட்டாகப் பிறந்தது பட்டமாக வளர்ந்துவிட்டது. 2016 ஜூலையில் எவரும் குறிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும் அதைப் பெறுவது ஒரு கௌரவமாயிற்று. 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகளின் பேரணியை ஒருங்கிணைத்த ஜேசன் கெஸ்லருக்கு அதே ஆண்டு நவம்பரில் நீலக் குறி வழங்கப்பட்டது. அப்பேரணியை எதிர்த்து நின்ற பெண்ணொருவர் மீது கார் ஏற்றிக் கொல்லப்பட்டதன் வடு ஆறாத வேளை. எதிர்ப்பு வெடித்தது. குறியின் நோக்கம் அடையாளத்தை உறுதிசெய்வதே, ஆனால் மக்கள் அதை ஏற்பாகவும் முக்கியத்துவத்தின் அடையாளமாகவும் புரிந்துகொள்கிறார்கள் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, குறி வழங்குவதையே நிறுத்திவைத்தது.

குழப்பம் மக்களுடையது மட்டும் அன்று. புகழ் பெற்றவர்களுக்கே வழங்கப்படும் அடையாளச் சீட்டு, புகழின் சீட்டாகவே வாசிக்கப்படும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

குறி கிடைக்காத இடத்தில் நாம் நாடும் இன்னோர் அளவுகோல் பின்தொடர்வோரின் எண்ணிக்கை. அதன் கதையும் இதற்குச் சளைத்ததன்று. டென்னஸி மாநிலக் குடியரசுக் கட்சியினரின் கணக்கு என்று சொல்லிக்கொண்ட ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் இருந்தார்கள். உண்மையான கட்சி அதன்மீது பலமுறை புகார் அளித்திருந்தும் 2017 ஆகஸ்டில்தான் அது மூடப்பட்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த ஒரு நிறுவனத்தின் பணியாளர்களே அதை நடத்தினார்கள் என்பது 2018 பிப்ரவரியின் அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில், டெவூமி என்ற நிறுவனம் தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு பின்தொடர்வோரை விலைக்கு விற்றுவந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. வாங்கியவர்களில் நடிகர்களும் அரசியல்வாதிகளும் இருந்தார்கள். கூட்டத்தைக் கண்டு கடைக்குள் நுழைவது நம் வழக்கம். கூட்டமே கூலிக்கு வந்ததென்றால் என் செய்வது?

6

2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். குறி பெற்ற பிரபுக்கள், பெறாத குடிமக்கள் என்ற பிரிவை ஒழிக்கப்போவதாகச் சொல்லி, மாதம் 8 டாலருக்கு எவரும் நீலக் குறியைப் பெறலாம் என்று நவம்பர் 9 அன்று திறந்துவிட்டார். பிரபுத்துவம் பற்றிய அந்தக் குறை முற்றிலும் பொய்யன்று என்பதை முன்பே கண்டோம். ஆனால் அடையாளத்தைச் சோதிக்காமல் குறியை மட்டும் விற்றபோது, முத்திரை மோதிரம் சந்தைக்கு வந்துவிட்டது.

மறுநாளே, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில், நீலக் குறியோடு, இன்சுலின் இனி இலவசம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. பணம் கட்டிக் குறி வாங்கிய போலி அது. உண்மையான நிறுவனம், போலிக் கணக்கின் செய்தியால் வாசகர்கள் தவறாக வழிநடத்தப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. அடுத்த நாள் அதன் பங்கு விலை 4 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. அந்தப் பதிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம்மைத் தைப்பது வேறொன்று. அமெரிக்காவில் இன்சுலின் விலைக்கு அஞ்சி மருந்தளவைத் தாமே குறைத்துக்கொள்ளும் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த வரியைப் படித்த கணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்பனை நிறுத்தப்பட்டு, டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. 2023 ஏப்ரல் 20 அன்று பழைய முறையில் வழங்கப்பட்ட குறிகள் எல்லாம் நீக்கப்பட்டன. நியூயார்க் மாநகராட்சியின் கணக்கு, நகர அரசின் மெய்யான கணக்கு தானே என்று அறிவித்தது. உடனே வேறொரு கணக்கு வந்து, இல்லை, மெய்யானது தானே என்று மறுமொழி சொன்னது. ஷாக்கில் ஓ'நீல் 2008இல் நின்ற அதே இடத்துக்குப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு மாநகரமே வந்து நின்றது. அதே வாரத்தில், இறந்துபோன நடிகர் சாட்விக் போஸ்மன், சமையற்கலைஞர் அந்தோனி போர்டெயின் போன்றோரின் கணக்குகளில், பணம் கட்டித் தொலைபேசி எண்ணை உறுதிசெய்தவர்கள் என்ற விளக்கத்தோடு நீலக் குறி தோன்றியது.

2023 ஜூலையில் ட்விட்டர் என்ற பெயரும் போய் எக்ஸ் ஆயிற்று. அந்த நீலக் குறி பயனர்களை ஏமாற்றுவதாக ஐரோப்பிய ஆணையம் 2024 ஜூலையில் முதற்கட்டக் கருத்தைத் தெரிவித்தது.

7

இறுதியாக ஒரு நிகழ்வு. 2023 மே 22 அன்று, பென்டகன் அருகே குண்டு வெடித்ததாகக் கரும்புகை எழும் படம் ஒன்று பரவியது. பரப்பியவற்றில் நீலக் குறி பெற்ற கணக்குகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, புளூம்பெர்க் நிறுவனத்தோடு தொடர்பில்லாமலேயே அதன் பெயரைச் சூடிக்கொண்டிருந்தது. பங்குச் சந்தை சிறிது சரிந்து மீண்டது. படமோ செயற்கை நுண்ணறிவால் உருவானதாகத் தோன்றியது. ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. அதற்கு முன்பே கவனமான வாசகர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு நடமாட்டமுள்ள இடத்தில் குண்டு வெடித்திருந்தால் வேறு ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லையா? அமீனாவை நேரில் கண்டவர் உண்டா என்று ஆண்டி கார்வின் கேட்டதும் இதைத்தான். அவை கேட்ட அயலார் காட்சியும் இதுதான்.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இது. ஆவணத்தை வழங்குகிறவர் மாறலாம், விற்கலாம், களவு கொடுக்கலாம். மற்ற இரண்டு சான்றுகளும் வாசகரின் கையிலேயே இருக்கின்றன. ஒரு கணக்கைத் தொடர்வதற்கு முன் அதன் பழைய பதிவுகளுக்குள் சற்றுத் தூரம் பின்னோக்கிச் சென்று வாசிப்பது ஆட்சியைப் பார்ப்பது. பெயரும் பொருளும் திடீரென மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தவறிய இடத்தில் அவர் திருத்திக்கொண்டாரா, ஓசையின்றி அழித்துவிட்டாரா என்பதும் தெரியும். அவர் சொல்லும் செய்தியை அவரைச் சாராத வேறொருவரும் கண்டிருக்கிறாரா என்று தேடுவது அயலார் காட்சி. தம் சான்றை நம் முன் வைத்து, நீங்களே பாருங்கள் என்று சொல்பவர், பெயர் தெரியாதவராயினும் தொடரத் தக்கவர். நம் கோபத்தையோ கண்ணீரையோ மட்டும் கேட்பவர், எத்தனை குறி பெற்றவராயினும் காத்திருக்க வேண்டியவர்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய பயிற்சி அன்று. பாடபேதம் பார்த்து, இடைச்செருகலை ஐயுற்று, ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுப் பதிப்பித்த பெரியவர்கள் வழி வந்தவர்கள் நாம். ஓர் ஆசிரியரின் நடையை அறிந்து, இது அவர் கையன்று என்று சொல்லப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைப் புத்தக அலமாரியின் முன் மட்டும் வைத்துக்கொள்ளாமல், கைப்பேசியில் அடுத்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன்னும் ஒரு நிமிடம் கைக்கொள்ளலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையோருக்கும் வழக்கை உடனே முடித்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் அவர்கள் இன்னோர் ஓலையைக் கொண்டுவரச் சொல்லிக் காத்திருந்தார்கள்.